ஒன்பது பெரிதா, நாலு பெரிதா

மலையடிவாரத்து ரைபிள் கிளப் ஒன்றில் இசக்கி என்று ஒரு குரு இருந்தாள். வயது இருபத்தொன்பது. அவளுடைய சிஷ்யை மெர்லினுக்கு வயது முப்பத்தாறு. குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை குருவை "மாஸ்டர்" என்பாள். குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கதையை இங்கேயே மூடிவைத்துவிடலாம்.

மெர்லின் டவுனில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாத ஆண்களுக்குப் பக்கத்தில் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். அதனால் அவளுக்குப் பயம் குறைவு. அதற்கும் சேர்த்துக் கோபம் அதிகம்.

கிளப்பில் சுடுவதற்கு எட்டுத் தடங்கள். ஏழு தடங்களுக்கு மேலே தகரக் கூரை உண்டு. அந்த ஏழுக்கும் இலக்கு நூறு மீட்டரில். எட்டாவது தடம் கூரை முடிந்தபிறகு வெட்டவெளியில் வருகிறது. அதன் இலக்கு பழைய கல்குவாரிச் சுவரோரம், முந்நூறு மீட்டரில். யாரும் சுடாமல் புல் மண்டிக் கிடந்த தடம் அது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட வருஷம், அதைத்தான் அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். "மகளிர் தடம்" என்று போர்டு வைத்தார்கள். பெண்களுக்கு இடம் கொடுத்ததற்காக அந்த ஆண்டுவிழாவில் ஒருவருக்கொருவர் சால்வையும் போர்த்திக்கொண்டார்கள்.

வந்த பெண்கள் வெயில் தாங்காமல் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மெர்லின் நிற்கவில்லை.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சுட்டு முடித்ததும் தாள்களைக் கொண்டுவந்து ஆபீஸ் பலகையில் குத்துவார்கள். செயலாளர் ஆவுடையப்பன் எஃகு ஸ்கேலை வைத்து, குண்டுகள் எவ்வளவு அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன என்று அளப்பார். யாருடைய சிதறல் குறைவோ அவர் ஜெயித்தவர். எந்தத் தூரத்தில் சுட்ட தாள் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் நூறு மீட்டரில்தானே சுடுகிறார்கள். எல்லோரும் என்றால், கூரைக்குக் கீழே இருக்கிற எல்லோரும்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு இல்லை. மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெயர் போகலாம். மறுநாள் காலை பெயர் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு பெயருக்காகத்தான் மெர்லின் இத்தனை கோடைகள் எட்டாம் தடத்தில் குப்புறப் படுத்திருந்தாள்.

ஆவுடையப்பன் ஸ்கேலை வைத்தார்.

"தளவாய் அண்ணாச்சி, நாலு சென்டிமீட்டர்."

கை தட்டினார்கள்.

"மெர்லின், ஒன்பது."

"அண்ணாச்சி போட்டதை டானிக் பாட்டில் மூடியை வச்சு மூடிரலாம்" என்றார் கூட்டத்தில் ஒருவர். "டீச்சரம்மா போட்டதுக்கு டபரா வேணும்."

"டபரா போதுமா? குண்டாச் சட்டி கொண்டாங்கய்யா" என்றார் இன்னொருவர்.

தளவாய் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள். மெர்லின் தன் தாளைப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இசக்கி எட்டாம் தடத்தில் ஒரு முக்காலியை விரித்து, அதன் மேல், துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கியான பழைய ஸ்கோப் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில்தான் அவள் பயிற்சியாளராக வேலைக்கு வந்திருந்தாள். பாடம் நடத்துவதற்குத் துப்பாக்கியை அவள் தொடவே மாட்டாள். எதையாவது பார்ப்பதற்குத் துப்பாக்கியைத் தூக்குகிறவனைக் கிளப்பை விட்டே விரட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. பார்ப்பதற்கு முக்காலி. சுடுவதற்கு மட்டும் துப்பாக்கி.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"அண்ணாச்சி கையைவிட என் கை ஏன் ரெண்டு மடங்கு ஆடுது?"

இசக்கி அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ஸ்கோப்பைக் கல்குவாரி ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

"தூரத்துல ஒரு லாரி நிக்குது. தெரியுதா?"

மெர்லின் கண்ணை வைத்தாள். ஸ்கோப்புக்குள் ஒரு சிலுவை. சிலுவையின் கைகளில் வரிசையாகக் கோடுகள், இரண்டிரண்டு பெரிய கோடுகளுக்கு நடுவே பொடிக் கோடுகள். இத்தனை நாளும் அவள் சிலுவையின் நடுவை மட்டுமே பார்த்துச் சுட்டிருந்தாள். கோடுகள் அவளுக்கு வெறும் அலங்காரம்.

"தெரியுது."

"லாரி எத்தனை பெரிய கோட்டை மறைக்கு?"

"நாலு."

இசக்கி ஸ்கோப்பைக் கிளப் வாசல் பக்கம் திருப்பினாள்.

"வாசல்ல உங்க ஸ்கூட்டர்."

"பன்னிரண்டு கோடு."

"எது பெருசு?"

"இது என்ன கேள்வி மாஸ்டர்? லாரிதான்."

"கோடு ஸ்கூட்டர்தான் பெருசுன்னு சொல்லுதே."

"லாரி தூரத்துல நிக்குல்லா! சைடு கண்ணாடியில பின்னால வார லாரி சின்னதாத் தெரிஞ்சா அது பொம்மை லாரின்னு நினைச்சு வண்டியைத் திருப்பலாமா? என்கிட்ட படிக்க வாரவங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுதேன்."

"முதல் நாளேயா?"

"ஆமா."

"சரி."

மெர்லின் மறுபடி லாரியைப் பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை என்று ஸ்கோப்பின் கழுத்திலிருந்த வளையத்தைத் திருகினாள். லாரி உப்பிக்கொண்டு அருகே வந்தது.

"இப்ப எட்டுக் கோடு மறைக்கு மாஸ்டர்!"

"லாரி வளர்ந்துட்டுதா?"

"எப்படி வளரும்? நான்தான் வளையத்தைத் திருகினேன்."

"கோடு வளர்ந்துச்சா?"

மெர்லின் பார்த்தாள். "இல்ல. கோடு இருந்தபடியே இருக்கு."

"இந்த ஸ்கோப்புல அப்படித்தான். திருகினா லாரி உப்பும், கோடு உப்பாது. பத்துங்கிற நம்பர் பக்கத்துல ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு பாருங்க. அதுல வச்சாத்தான் கோடு உண்மை சொல்லும். இருபதுல வச்சா எல்லாத்தையும் ரெண்டு மடங்காச் சொல்லும்."

மெர்லின் வளையத்தைப் பழையபடி பத்தில் கொண்டுவந்தாள். லாரி நாலு கோட்டுக்குள் அடங்கியது.

"அப்ப இந்தக் கோடு எதைத்தான் அளக்கு? நீளத்தையும் அளக்கலை, தூரத்தையும் அளக்கலை. அளவுன்னா ரெண்டுல ஒண்ணா இருக்கணும்லா?"

இசக்கி பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தாள். பாதி திறந்து, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"திருகாணி பக்கத்துல என்ன நுழையும்?"

"பென்சில் நுழையும்."

"நுனியில?"

"எலுமிச்சம்பழம் நுழையும்."

"கத்தரி எத்தனை தடவை திறந்துச்சு?"

"ஒரு தடவைதான்."

"அதைத்தான் அளக்கு. திருகாணி உங்க கண்ணு. பென்சிலா, எலுமிச்சம்பழமான்னு கோட்டுக்குக் கவலை இல்ல. கத்தரி எவ்வளவு திறந்துச்சுங்கிறது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

மெர்லின் கத்தரியைக் கையில் வாங்கி, அந்தத் திறப்பு மாறாமல் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு பொடிக் கோடு நூறு மீட்டர்ல ஒரு சென்டிமீட்டரை மறைக்கும்" என்றாள் இசக்கி. "முந்நூறுல?"

"மூணு."

"ம்."

"அண்ணாச்சியோட நாலு... நாலு பொடிக் கோடு." மெர்லின் தன் தாளைப் பார்த்தாள். "என்னோட ஒன்பது..."

கத்தரியைக் கீழே வைத்தாள்.

"மூணு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"மாஸ்டர், இத்தனை வருஷமா அந்த ஆவுடையப்பன் ஸ்கேலை வச்சு அளந்து, நான் தோத்துட்டேன்னு சொல்லியிருக்கான். நானும் என் கை ஆடுதுன்னு நம்பி, ராத்திரி மணல் பையைத் தூக்கிப் பழகியிருக்கேன். ஆடுனது என் கையே இல்ல. இப்பவே போயி அந்த ஸ்கேலைப் பிடுங்கி ஒடிக்கேன்."

"ஒடிச்சா வேற ஸ்கேல் வாங்குவாரு."

"அப்ப கணக்கைச் சொல்லுதேன். மூணால வகுக்கத் தெரியாதா அந்த மனுஷனுக்கு?"

"நீங்க சொன்னா என்ன சொல்லுவாரு?"

மெர்லின் ஆவுடையப்பன் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். "'தோத்தவங்க எல்லாம் வகுக்க ஆரம்பிச்சா கிளப்பு என்னத்துக்கு ஆகும்?'"

"நான் சொன்னா?"

"'நேத்து வந்த புள்ள.'"

இசக்கி சிரித்தாள்.

"அப்ப நம்ம ரெண்டு பேருமே சொல்ல வேண்டாம்க்கா. அவரே வந்து சொல்லட்டும். போயிக் கூட்டிட்டு வாங்க. அண்ணாச்சி தாளையும் வாங்கிட்டு வாங்க."

மெர்லின் போனதும் இசக்கி கறுப்புக் காகிதத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டினாள். ஒன்று நாலு சென்டிமீட்டர் அகலம். ஒன்று ஒன்பது.

வெயில் தாழ்ந்தபிறகு வந்தார்கள். ஆவுடையப்பன் முன்னால், தளவாய் அவர் பக்கத்தில், வேடிக்கை பார்க்க மற்றவர்கள். துப்பாக்கிகளையெல்லாம் பெட்டியில் பூட்டி, யாரும் சுடக்கூடாது என்பதற்குச் சிவப்புக் கொடியை ஏற்றிய பிறகே, தாள்களை நிறுத்த இசக்கி ஆளைத் திடலுக்குள் அனுப்பினாள். தளவாயின் தாள் நூறு மீட்டரில் நின்றது. மெர்லினின் தாள் முந்நூறில் நின்றது. அவரவர் சுட்ட இடத்தில். சிதறிய ஓட்டைகளை மூடி, ஆளுக்கு ஒரு கறுப்பு வட்டம் ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது, பொருட்காட்சியா?" என்றார் ஆவுடையப்பன். "ஒன்பது, நாலைவிடப் பெருசு. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். இதுக்கு எதுக்கு ஸ்கோப்பு?"

"பெருசுதான் சார்" என்றாள் இசக்கி. "நீங்க இங்க இருந்து ஒரு தடவை பாத்துருங்க. நாலு, நாலாத் தெரியுதான்னு பொடிக் கோட்டை எண்ணிச் சொன்னாப் போதும்."

"நான் எண்ணிச் சொன்னதுக்கு அப்புறம் ஒரு பேச்சும் இருக்கக்கூடாது."

"இருக்காது சார்."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றார் அவர், கூட்டத்தைப் பார்த்து.

ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். முதலில் தளவாயின் தாள்.

"நாலு பொடிக் கோடு. நான்தான் சொன்னேன்லா, நாலு."

ஸ்கோப்பை மெர்லினின் தாளுக்குத் திருப்பினார். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன இது, எறும்பு மாதிரி தெரியுது. எங்கன போயி எண்ண?"

அவர் கை தானாகவே மேலே போயிற்று. வளையத்தைத் திருகினார். அது பத்தைத் தாண்டி, இருபது வரைக்கும் போய் நின்றது.

"ஆங். இப்ப தெரியுது. ஒண்ணு, ரெண்டு..." எண்ணினார். நிமிர்ந்தார். "ஆறு!"

கூட்டம் கலகலத்தது.

"ஸ்கேல் சொன்னதையேதான் ஸ்கோப்பும் சொல்லுது" என்றார் ஆவுடையப்பன். "அண்ணாச்சி நாலு. அந்தம்மா ஆறு. போதுமா?"

"டபரா உறுதியாயிட்டுது" என்றது ஒரு குரல்.

மெர்லின் வளையத்தைப் பார்த்தாள். அதன் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"சார், நீங்க வளையத்தை..."

இசக்கி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"மாஸ்டர், அவரு திருகிட்டாரு! இருபதுல வச்சு எண்ணுதாரு! பத்துல வைக்கச் சொல்லுங்க!"

"பாத்தீங்களா?" என்றார் ஆவுடையப்பன் கூட்டத்திடம். "பேச்சு இருக்காதுன்னாங்க. ஆரம்பிச்சாச்சு. கண்ணு தெரியலைன்னு திருகினா அது குத்தமா? தூரத்துல இருக்கிறதைப் பெருசாக்கித்தானம்மா பாக்க முடியும்?"

"அது நியாயம் சார்" என்றாள் இசக்கி.

மெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு ஸ்கேல் ஒடிந்திருக்கும்.

"உங்களுக்கு இருபது வசதின்னா இருபதே இருக்கட்டும்" என்றாள் இசக்கி. "வளையத்துல கை வைக்க வேண்டாம். அப்படியே அண்ணாச்சி தாளையும் ஒரு தடவை பாத்துருங்க."

"அதான் பாத்தேனே. நாலு."

"அதே கண்ணாடியில சார்."

ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. எல்லாரும் கேட்டுக்கிடுங்க என்று அவரே சொல்லி வைத்திருந்தார். வேறு வழியில்லை. ஸ்கோப்பை நூறு மீட்டர் தாளுக்குத் திருப்பி, கண்ணை வைத்தார்.

உதடு மட்டும் அசைந்தது. நாலில் நிற்கவில்லை. ஐந்தில் நிற்கவில்லை. ஆறில் ஒரு நொடி தயங்கியது. அதையும் தாண்டியது.

அவர் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து உதடு அசைந்தது.

"எவ்வளவு ஆவுடையப்பா?" என்றார் தளவாய்.

"ஸ்கோப்புல ஏதோ கோளாறு."

"தள்ளு, நான் பாக்கேன்."

தளவாய் உட்கார்ந்தார். அவர் எண்ணும்போது உதடு அசையவில்லை. சுடுகிறவர் அல்லவா. தன் தாளைப் பார்த்தார். ஸ்கோப்பைத் திருப்பி மெர்லினின் தாளைப் பார்த்தார். வளையத்தைத் தொடவே இல்லை.

"எனக்கு எட்டு" என்றார். "அந்தப் பிள்ளைக்கு ஆறு."

யாரும் டபராவைப் பற்றிப் பேசவில்லை.

"கோளாறுதான் அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன். "பழைய சாமான். இப்பதான் நாலு காட்டுச்சு, இப்ப எட்டு காட்டுது."

"கோளாறுன்னா ரெண்டு பேருக்கும்தானே சார் கோளாறு" என்றாள் இசக்கி. "உங்களுக்குப் பிடிச்ச நம்பர்ல நீங்களே வச்சுக்கிடுங்க. பத்து, பதினைஞ்சு, இருபது, எதுவேணும்னாலும். ஒரே நம்பர்ல ரெண்டையும் பாருங்க. எதுலயாவது அண்ணாச்சி சின்னதா வந்தா, நாளைக் காலையில அண்ணாச்சி பேரே போகட்டும்."

ஆவுடையப்பன் பதினைந்தில் வைத்துப் பார்த்தார். பத்துக்கு வந்தார். எட்டில் வைத்துக்கூடப் பார்த்தார். எட்டில் எறும்பும் தெரியவில்லை.

"அந்தத் தூரத்துல காத்து வேற இழுக்கும்" என்றார் தளவாய், யாரிடம் என்றில்லாமல். "நான் அங்க ஒரு தடவைகூடச் சுட்டதில்லை." பிறகு மெர்லினைப் பார்த்து, "நீ போயிட்டு வாம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஆவுடையப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. மெர்லின் பேரே போகட்டும்" என்றார். "நாங்க என்ன, வேணும்னா செஞ்சோம்? குழப்பம். தூரத்தால வந்த குழப்பம். இனிமே அது வேண்டாம். அடுத்த வாரத்துல இருந்து நீங்களும் கூரைக்குள்ள வந்து நூறுலயே சுடுங்கம்மா. ஒண்ணாம் தடத்தையே தாரேன். நல்ல நிழல். காத்தும் வராது."

கூட்டத்தில் சிலர் தலையை ஆட்டினார்கள். அவருக்கு அது பெரிய மனசாகத்தான் பட்டது. சால்வை ஒன்றுதான் குறை.

அவர்கள் போன பிறகு மெர்லின் புல்லின் மேல் உட்கார்ந்தாள். இத்தனை கோடைகள் படுத்துப் படுத்து, அந்த இடத்தில் புல்லே அவள் அளவுக்கு அமுங்கியிருந்தது. சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு புரியல. அவரு இருபதுல திருகினதும் நீங்க பத்துக்கு மாத்தச் சொல்லியிருக்கலாம்லா? அதானே சரியான நம்பர்?"

"நான் மாத்தச் சொன்னா, எனக்கு வேண்டிய நம்பருக்கு மாத்திட்டேன்னு சொல்லுவாரு."

மெர்லின் யோசித்தாள். கத்தரிக்கோலை எடுத்து இசக்கியின் பையில் போட்டாள்.

இசக்கி ஸ்கோப்பைக் கழற்றித் துணியால் சுற்றினாள். முக்காலியின் கால்களை மடக்கினாள்.

தகரக் கூரையின் நிழல் ஏழாம் தடத்தோடு வெட்டினாற்போல் நின்றிருந்தது. மெர்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஒண்ணாம் தடத்தை எடுத்துக்கிடட்டுமா மாஸ்டர்? முதுகெல்லாம் வெந்துபோச்சு. அங்க நிழலாவது இருக்கு."

இசக்கி முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எதுக்குக்கா அங்க போகணும்? கூரையை இங்க வரைக்கும் நீட்டச் சொல்லுங்க. அவங்க வந்து சுடட்டும்."